காற்று புகும் இடம்

சத்தம் இருக்கிறது. இருக்கத்தான் இருக்கிறது, நானாக நினைத்துக்கொள்ளவில்லை. காரின் பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்திவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்ததும் கேட்டுவிட்டது, எஞ்சின் கடகடப்புக்கு அடியில், பல்லிடுக்கில் யாரோ காற்றை உறிஞ்சுகிற மாதிரி ஸ்ஸ்ஸ் என்று ஒன்று, நிற்காமல். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவளின் பாவாடை நுனி தெரிந்துவிட்டால் வருமே, அந்தக் குஷி. ஞாயிற்றுக்கிழமை, தெரு இன்னும் சோம்பிக் கிடக்கிறது, எதிர்வீட்டில் கறிக்கு வெங்காயம் வதக்குகிற வாசனை, உள்ளே என் வீட்டுக்காரர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார், மத்தியானம் அவருடைய தம்பி குமரகுரு இந்த வண்டியை வாங்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை, முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வாரம் வந்து பார்த்த பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், ஆக்சிலேட்டரை ஒரு தரம் அமுக்கிக் கேட்டார், "பிக்கப் செத்துப்போச்சுங்கம்மா. பழைய வண்டி, எஞ்சினுக்கு வயசாயிருச்சு. வந்த வரைக்கும் தள்ளி விட்ருங்க" என்றார். வயசாயிருச்சு. போன மாதம் என் முட்டிவலிக்கு டாக்டரும் அதையேதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

நான் குனிந்து பார்க்கிறவள். அதுதான் எனக்கு வேலை. பள்ளிக்கூட நோட்ஸ் போடுகிற அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன், ஒரு பக்கத்தில் எங்கோ ஓர் எழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போயிருக்கும், எல்லோரும் படித்துத் தாண்டிப் போயிருப்பார்கள், என் கண் மட்டும் அங்கே இடறும். இந்த ஒரு வாரமாக ராத்திரி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வண்டி வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறேன், ஒருத்தன் இந்தியில் கத்துகிறான், ஒருத்தன் என்ன பாஷை என்றே தெரியவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்தி விரலை உதட்டில் வைத்துக் கேட்கச் சொல்கிறார்கள், ஸ்ஸ்ஸ். பாஷை தெரியாவிட்டாலும் அது புரிந்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதற்கென்று ஒரு வாய் இருக்கிறது, அந்த வாய் வழியாக வந்தால்தான் பெட்ரோலும் காற்றும் சரியான பதத்தில் கலக்கும். வேறெங்காவது ரப்பர் குழாய் வெடித்தோ மூட்டு தளர்ந்தோ ஓட்டை விழுந்தால் அதன் வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகும், கலவை தண்ணியாகிவிடும், மோரில் நாலு செம்பு தண்ணீர் ஊற்றின மாதிரி. அப்புறம் வண்டி நிற்கிற இடத்திலேயே உறுமும், தணியும், மறுபடி உறுமும், மேட்டைக் கண்டால் திணறும், கடைசியில் செத்துப்போகும். செத்துப்போகும். ஆமாம், அந்த வளைவில் அப்படித்தான் செத்துப்போனது, பின்னால் போனது, "பிரேக்கப் புடி கோதை, பிரேக்கப் புடி!"

வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் தண்ணீர். துணி தேய்க்கும்போது தெளிக்கிற பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து கொண்டுவந்திருக்கிறேன். சிலர் பெட்ரோலையே அடித்துப் பார்க்கிறார்கள், சூட்டு எஞ்சினில் பெட்ரோல், தீப்பிடித்தால் என்ன ஆவது. தண்ணீர் போதும். சந்தேகப்படுகிற இடத்தில் அடித்தால், ஓட்டை அங்கே இருந்தால் தண்ணீர் ஒரு நொடி அதை அடைக்கும், எஞ்சின் குரல் மாறும். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சுற்றி அடிக்கிறேன். மாறவில்லை. இன்னொரு தரம். அதே உறுமல், அதே தணிவு. ஆவி முகத்தில் அடிக்கிறது, வாயில் சோப்புக் கசப்பு. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற அந்தக் கறுப்பு மூடிக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது, மூடியில் படாமல் பக்குவமாக அடிக்கிறேன், மாறவில்லை, குழாயை விரலால் நசுக்குகிறேன், மாறவில்லை. மாறியதோ? இல்லை, என் ஆசைதான் மாறியது. அதுதான் ஆபத்து, ஆசைப்பட்டால் காது பொய் சொல்லும். கால் பொய் சொல்லுமா? என் வலது கால். அன்றைக்கு அது எங்கே இருந்தது? இந்த ஒரு வாரமாகக் குளிக்கும்போதும் சோறு பரிமாறும்போதும் என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சாட்சியைப் பார்ப்பது போல, சொல்லேன், நீ எங்கே இருந்தாய்.

போன ஞாயிறு. அவருக்குக் கண் மங்கிப் போனதிலிருந்து மாதத்தில் ஒரு நாள் ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறேன். பார்ப்பதற்கு இல்லை, அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும், மேலே காற்று வேறு மாதிரி இருக்கிறது என்பார், வளைவு வளைவாகக் காதடைப்பது அவருக்குப் பிடிக்கும். முன்பு அவர்தான் ஓட்டுவார். கண்ணில் அழுத்தம், நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் வண்டிச் சாவியைச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அது அங்கேயே கிடந்தது, நானும் தொடவில்லை அவரும் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் எடுத்துக்கொண்டு போய் டிரைவிங் ஸ்கூலில் நின்றேன், நாற்பத்தைந்து வயதில், காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில். கற்றுக்கொண்டேன், ஓட்டினேன், ஒரு கீறல் விழாமல் இத்தனை வருஷம் ஓட்டினேன், போன ஞாயிறு வரை. முன்னால் ஒரு பஸ் வளைவில் நின்றுவிட்டது. நானும் நின்றேன். பஸ் நகர்ந்தது, நானும் முதல் கியரில் ஏற்றினேன், வண்டி இரண்டு தரம் விக்கியது, அணைந்துவிட்டது, உடனே பின்னால் உருள ஆரம்பித்தது. மிதித்தேன். மிதித்தேனா? மிதித்தேன், பெடல் கல்லாக இருந்தது, கருங்கல்லை மிதித்த மாதிரி, கீழே இறங்கவே இல்லை, வண்டி போய்க்கொண்டே இருந்தது, அவர் முன்னால் இருந்த பலகையைக் கையால் துழாவிக்கொண்டு "பிரேக்கப் புடி கோதை, பிரேக்கப் புடி!" என்று கத்தினார். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பின்பக்கம் கைப்பிடிச் சுவரில் போய் இடித்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைகள்தான் தெரிந்தன. பஸ் கண்டக்டர் ஓடிவந்து டயருக்குக் கல் வைத்தார். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயங்காலம் தம்பி வந்து விசாரித்தபோது இவர் சொன்னார், கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பாவமாகச் சொன்னார், "அவளக் குத்தம் சொல்ல முடியாதுடா. பயந்துட்டா. பதட்டத்துல காலு எங்கியோ போயிருக்கும்." நான் அடுப்படியில் காபியை ஆற்றிக்கொண்டு நின்றேன். குமரகுரு தணிந்த குரலில், "இந்த வயசுல அண்ணிக்கு எதுக்குண்ணா இந்த ரிஸ்க்கு, வண்டியக் கொடுத்துருவோம், எங்க போவணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க, நான் வரேன்" என்றார். நல்ல மனுஷர். நிஜமாகவே வருவார். வந்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். பெடல் இறங்கவில்லை என்று நான் சொன்னேன், அந்தப் பட்டறைக்காரரிடமும் சொன்னேன், அவர், அணைந்து நின்ற வண்டியின் பெடலைக் கையால் இரண்டு அமுக்கு அமுக்கி, "பிரேக் நல்லாத்தாங்கம்மா இருக்கு, ஆயிலும் இருக்கு" என்றுவிட்டார். அதற்கப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கே தெரியவில்லை. கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக் என்று நினைத்தேனோ? இரண்டு பெடலுக்கும் நடுவில் இருக்கிற இரும்பை மிதித்தேனோ? ஒரு விஷயத்தை நாலு பேர் பாவமாகச் சொன்னால் நம் உடம்பே நம்மை விட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

சத்தம். சத்தத்துக்கு வா. பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு முழம் வெட்டி வைத்திருக்கிறேன், ஒரு முனை காதில், இன்னொரு முனையை எஞ்சின் மேல் மெல்ல நகர்த்துகிறேன், ஃபேன் காற்றில் புடவை போய்ச் சிக்கக்கூடாதென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. இங்கே கடகட. இங்கே டிக் டிக் டிக். இங்கே ஒன்றுமில்லை. கொஞ்சம் பின்னால், கண்ணாடிப் பக்கம், ஸ்ஸ், இன்னும் கொஞ்சம், ஸ்ஸ்ஸ், அப்பா, காதுக்குள்ளேயே ஊதுகிற மாதிரி இருக்கிறது. கட்டைவிரலை விடத் தடிமனான ஒரு ரப்பர் குழாய். மேலே பார்க்க முழுசாக, கறுப்பாக, யோக்கியமாக இருக்கிறது. அடியில் விரலை விடுகிறேன், சுடுகிறது, சுட்டால் சுடட்டும், கிளிப் பக்கத்தில் ரப்பர் வறண்டு வாய் பிளந்திருக்கிறது, விரல் நுனியை அது இழுக்கிறது! என் விரலைச் சப்புகிறது, பச்சைப்பிள்ளை மாதிரி! விரலால் அடைத்தேன், உறுமல் நின்றது, எஞ்சின் ஒரே சீராக, ஒரே சுருதியில் பாட ஆரம்பித்தது. எடுத்தேன், மறுபடி திணறல். அடைத்தேன், பாட்டு. எடுத்தேன், திணறல். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், பார்க்கட்டும். இவ்வளவு பெரிய வண்டி, இவ்வளவு பெரிய மலை, விரல் நுனி அளவு பிளவு. சரி, இந்தக் குழாய் எங்கே போகிறது? இந்த முனை எஞ்சினில். அந்த முனை, கண்ணாடிக்குக் கீழே, அந்தத் தட்டையான கறுப்பு டப்பாவில். அந்த டப்பாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? டிரைவர் சீட். டிரைவர் சீட்டில், காலுக்கு நேராக.

நிமிர்ந்தபோது பானெட்டில் தலை இடித்தது, வலிக்கவில்லை. பிரேக். இது பிரேக்குக்குப் போகிற குழாய். எஞ்சின் உறிஞ்சுகிற வேகத்தைத்தான் அந்த டப்பா வாங்கி வைத்துக்கொண்டு நம் காலுக்குப் பக்கபலமாக நிற்கிறது, அந்த இந்திக்காரன் மிதித்து மிதித்துக் காட்டினான், அது இல்லாவிட்டால் பெடல் இறங்காது, யானை மிதித்தாலும் கொஞ்சம்தான் இறங்கும். குழாயில் பிளவு இருந்தால் டப்பாவில் இருப்பெல்லாம் கசிந்துவிடும். வழக்கமாகச் சமதரையில் ஓடும்போது எஞ்சின் நன்றாக உறிஞ்சும், ஓட்டையை மீறிக் கொஞ்சம் பலம் மிஞ்சும், நமக்குத் தெரியாது. மேட்டில், எஞ்சின் மூச்சு முட்டி அணைந்தால் ஒன்றுமே மிஞ்சாது. ஒரே ஓட்டை. வண்டி அணைந்ததும் அதனால்தான், பெடல் கல்லானதும் அதனால்தான். நான் மிதித்தேன். என் கால் அங்கேதான் இருந்தது. அங்கேதான் இருந்தது! அப்படியே உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது, சொன்னால் என்ன சொல்வார், "சரிம்மா" என்பார், அந்தப் பாவமான குரலில், சரிம்மா. வேண்டாம். நானும் போய் மிதித்துப் பார்க்கவில்லை. என் காலை இனி ஒருத்தரும் நம்ப வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டுச் சன்னலில் போய்க் கூப்பிட்டேன், "என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க." "யாரு, குமரு வந்துட்டானா?" "இல்ல, எனக்கு ஒரு காலு வேணும்."

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு. நான் கையைப் பிடித்து வழக்கம்போல இடதுபக்கம் திருப்புவேன் என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பினார், நான் வலதுபக்கம் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தேன். கை ஸ்டியரிங்கில் பட்டதும் நின்றுவிட்டார். "இது டிரைவர் சீட்டு." "ஆமா. உக்காருங்க. நியூட்ரல்லதான் இருக்கு, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்." அவர் உட்கார்ந்த விதம்! சீட்டைப் பின்னால் தள்ள கை தானாகவே கீழே போனது, கால் தானாகவே பெடலுக்குப் போனது, இத்தனை வருஷம் உட்காராத மனுஷர், நேற்று இறங்கினவர் மாதிரி. இது அழுவதற்கு நேரமில்லை, நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். "பிரேக்கை மிதிங்க. விட்டு விட்டு மிதிங்க." மிதித்தார். முதல் மிதிக்குக் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், அவர் முகம் ஒன்றும் காட்டவில்லை. அடுத்த மிதிக்குக் கால் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தார், இடுப்பைத் தூக்கி மிதித்தார். "கோதை." "என்னங்க?" "இது எறங்கவே மாட்டேங்குதே." இன்னொரு தரம் அமுக்கினார். "அடியில எதும் கெடக்கா? கல்லாட்டம் இருக்கு." கல்லாட்டம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே சொன்னார், அந்த வார்த்தையையே சொன்னார். "காலை எடுக்காதீங்க" என்றேன், "அப்படியே அமுக்கி வச்சிருங்க."

குழாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது, பிளந்த முனையை வெட்டிவிட்டு மிச்சத்தைத் திரும்ப மாட்டினால் எட்டும், எட்ட வேண்டும், நாளைக்குக் கடை திறந்ததும் புதுசு வாங்கிக்கொள்ளலாம். ஸ்குரூ டிரைவரைத் திருப்பிக் கிளிப்பைத் தளர்த்துகிறேன், துரு, நகர மாட்டேன் என்கிறது, நகர்கிறது. குழாய் உருவி வரும்போது ஒரு புஸ். காய் நறுக்குகிற கத்தியால் அறுக்கிறேன், வறண்ட ரப்பர் கருகின முறுக்கு மாதிரி உதிர்கிறது, உள்ளே போகப் போக நல்ல ரப்பர், மினுமினுப்பாக, அதோ அங்கே நேராக ஒரு வெட்டு. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தடவித் திருகித் திருகி ஏற்றினேன், எட்டிவிட்டது, கிளிப்பை இறுக்கினேன், கை முழுக்கக் கறுப்பு. அவர் அங்கே காலை அமுக்கியபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, என் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவேளை டப்பாவும் கிழிந்திருந்தால்? வேறொரு ஓட்டையும் இருந்தால்? ஒருவேளை நான்... போதும். அவர் தோளுக்கு மேலாகக் கையை விட்டு, "காலை எடுத்துராதீங்க" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் பிடித்தது, பிடித்த மாத்திரத்தில் அவர் "ஏய்!" என்றார். அவருடைய முழங்கால் முன்னால் போனது, என் கண்ணால் பார்த்தேன், வேட்டிக்குள் முட்டி ஒரு சாண் தூரம் முன்னால் போனது. "எறங்குது! கோதை, எறங்குதுடி! காலுக்கு அடியில தானா எறங்குது!" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை டி போட்டது எப்போதாவது, ரொம்பச் சந்தோஷத்தில். அவர் காலை எடுத்தார், மறுபடி வைத்தார், வெண்ணெயில் போகிறது, எடுத்தார், வைத்தார், குழந்தை மாதிரி. எஞ்சின் ஒரே சுருதியில் நிற்கிறது, ஸ்ஸ் இல்லை, உறுமல் இல்லை, முன் மட்கார்டின் மேல் நான் கழற்றி வைத்த வளையல்கள்கூட ஆடாமல் இருக்கின்றன. அப்புறம் அவர் காலை எடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தார். எதையோ கணக்குப் பார்ப்பவர் போல முகம் சுருங்கியது. "அப்ப அன்னைக்கு" என்றார். நிறுத்தினார். "அன்னைக்கு நீ மிதிச்சிருக்க." "ம்." "மிதிச்சிக்கிட்டேதான் இருந்திருக்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் கத்துனேன்." எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன், இந்த ஒரு வாரமாகக் குளியலறையில் வாக்கியம் வாக்கியமாகப் பிழை திருத்தி வைத்திருந்தேன், அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் கையை எடுத்து என் கறுப்புக் கைக்குள் வைத்துக்கொண்டேன், அவருக்குக் கறை தெரியாது, எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிந்திருக்கும், விலக்கவில்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. குமரகுரு. தெருமுனைக்கு வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். இவர் போனைக் காதில் வைத்து, "டேய், ஆளக் கூட்டிக்கிட்டு வராதடா. ஆமா. இல்லல்ல, விக்கல. வண்டிக்கு ஒண்ணுமில்ல, ஒரு ரப்பர் ஓஸு, கோதை கண்டுபுடிச்சுட்டா. நாங்க இப்ப வெளிய கெளம்புறோம்" என்றார். அந்தப் பக்கம் குமரகுரு என்னவோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை, என்ன கேட்டிருப்பார் என்று தெரியும். இவர் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார், "கோதைதான் ஓட்டுறா. வேற யாரு ஓட்டுவா?"

இடம் மாறி உட்கார்ந்தோம். புடவை மாற்றவில்லை, கை கழுவவில்லை, அடுப்பில் ஒன்றும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். மலைக்கு இல்லை, புதுக் குழாய் போடுகிற வரை மலைக்கு இல்லை, அவ்வளவு புத்தி எனக்கு இருக்கிறது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் தண்ணீர் டேங்குக்கு ஏறுகிற சந்து, ஸ்கூட்டர்காரர்களே இறங்கித் தள்ளுகிற மேடு, அங்கே. மேட்டுக்குக் கீழே சமதரையில் பிரேக்கை ஒரு தரம், இரண்டு தரம் மிதித்துப் பார்த்தேன், சொன்ன சொல் கேட்டது. இந்த இரண்டு மாதமாக இந்த மேட்டை முதல் கியரில் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஏற்றியிருக்கிறேன், எதிரே யாரும் வந்துவிடக் கூடாதே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. இப்போது அழுத்தினேன். முதுகை யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி சீட்டு என்னைத் தூக்கியது, இழுக்கிறது, அம்மாடி, என்னமாய் இழுக்கிறது, சுவர்கள் கீழே போகின்றன, ஒரு கோழி கத்திக்கொண்டு ஓடுகிறது, திறந்த சன்னல் வழியாகக் காற்று வந்து அவருடைய நரைத்த முடியைக் கலைக்கிறது. அவர் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வருகிறார். பாதி மேட்டில் திரும்பி, "ரெண்டாவது கியரா?" என்றார்.

"மூணாவது" என்றேன்.